கொடுத்த பிறகு கணக்குக் கேட்கலாமா?

தானம் கொடுத்தால் கொடுத்ததோடு மறந்துவிட வேண்டும், கணக்குக் கேட்டால் அது தானமே இல்லை. இப்படிக் கேட்டுத்தான் நம்மில் பலர் வளர்ந்திருக்கிறோம். உண்டியலில் போட்ட காசைத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். பலனை எதிர்பார்க்காமல் கடமையைச் செய் என்றுதானே கீதையும் சொல்கிறது? அப்படியென்றால், ஒரு பிரபலம் நடத்தும் அறக்கட்டளைக்கு 20 வெள்ளி அனுப்பிவிட்டு, "அந்தக் காசு எங்க போச்சு?" என்று கேட்பது தப்பா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. பல நேரங்களில் கேட்காமல் இருப்பதுதான் தப்பு என்று நினைக்கிறேன்.

நம் வயதுக்காரர்கள் இன்று கொடுப்பது பெரும்பாலும் கைபேசியில்தான். ஒரு நடிகரோ பாடகரோ விளையாட்டு வீரரோ காணொளியில் வந்து கண்கலங்கப் பேசுவார். கீழே ஒரு கியூஆர் குறியீடு இருக்கும். பத்து விநாடியில் வேலை முடிந்துவிடும். "அவரே சொல்றாருல்ல, சரியாத்தான் இருக்கும்" என்று ஒரு நிம்மதி. கவனித்துப் பாருங்கள், இங்கே நாம் நம்புவது அந்த முகத்தை. அமைப்பைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது. நன்றாகப் பாடுகிறவருக்கு ஒரு பள்ளியையோ மருத்துவமனையையோ நடத்தத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அவருக்கு நல்ல மனசாகவே இருக்கலாம். அது மட்டும் போதாது.

ஹெய்ட்டியில் நடந்ததைப் பாருங்கள். 2010 ஜனவரியில் அங்கே பெரும் நிலநடுக்கம். அந்த நாட்டில் பிறந்த பாடகர் வைக்ளெஃப் ஜான் நடத்திவந்த 'யேலே ஹெய்ட்டி' அமைப்புக்குப் பணம் குவிந்தது. ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் 5 டாலர் என்ற முறையில் சாதாரண மக்களும் கொடுத்தார்கள். மொத்தம் சுமார் 16 மில்லியன் டாலர் சேர்ந்தது. அதில் பெரிய தொகை அலுவலகம், சம்பளம், ஆலோசகர் கட்டணம், பயணம் என்று கரைந்துபோனதாகப் பின்னர் செய்திகள் வந்தன. கட்டித் தருவதாகச் சொன்ன சில திட்டங்கள் முடியவே இல்லை. 2012இல் அமைப்பையே மூடிவிட்டார்கள். கூடாரத்தில் கிடந்தவர்களுக்கு என்று நினைத்து 5 டாலர் கொடுத்தவர், அதைப் பெரும்பாலும் மறந்தே போயிருப்பார். கூடாரத்தில் கிடந்தவரால் மறக்க முடியுமா?

பாடகி மடோனாவின் அனுபவம் கொஞ்சம் வேறு மாதிரி. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் பெண் பிள்ளைகளுக்குப் பெரிய பள்ளி கட்டப்போவதாக அறிவித்தார். 3.8 மில்லியன் டாலர் செலவான பிறகு, பள்ளி எழும்பாமலேயே, 2011இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அதே அமைப்பு, பிளாண்டயர் நகரில் ஏற்கெனவே இயங்கிவந்த மருத்துவமனையோடு சேர்ந்து, குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சைப் பிரிவு ஒன்றைக் கட்டியது. 2017இல் அது திறக்கப்பட்டது. பிரபலம் அதே பிரபலம்தான். இந்த முறை, வேலை தெரிந்தவர்களோடு சேர்ந்து செய்தார்கள். ஆகவே பிரபலங்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. முகத்தை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் நமக்குத் தெரியாது என்றுதான் சொல்கிறேன்.

நம் சிங்கப்பூருக்கே வருவோம். உங்களில் பலர் அப்போது பிறந்தே இருக்க மாட்டீர்கள். தேசிய சிறுநீரக அறநிறுவனம் 1990களில் தொலைக்காட்சியில் பெரிய நன்கொடை நிகழ்ச்சிகளை நடத்த ஆரம்பித்தது. கலைஞர்கள் உயிரைப் பணயம் வைத்துச் சாகசம் செய்வார்கள். வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் தொலைபேசி எண்ணை அழுத்தி அழுத்திப் பணம் கொடுப்பார்கள். 2004இல் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழ், தலைமை நிர்வாகி டி.டி. துரையின் அலுவலகக் குளியலறையில் தங்க முலாம் பூசிய குழாய் பொருத்தப்பட்ட கதையை எழுதியது. அறநிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2005 ஜூலையில் நீதிமன்ற விசாரணையின்போது எல்லாம் வெளியே வந்தது: ஆண்டுக்குச் சுமார் 600,000 வெள்ளி ஊதியம், முதல் வகுப்பு விமானப் பயணம், கையிருப்பில் 260 மில்லியன் வெள்ளிக்கு மேல். வழக்கு உடனே மீட்டுக்கொள்ளப்பட்டது. நிர்வாகக் குழு முழுவதும் விலகியது. 2007இல் துரைக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இந்தக் கதையில் எல்லாரும் குழாயைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எனக்கு மனசில் நிற்பது வேறொன்று. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சிலர் கேட்டார்கள், "நன்கொடைப் பணத்துல முதல் வகுப்புப் பயணமா?" என்று. அவர்கள்மேல் அவதூறு வழக்குப் போட்டார்கள். கேட்டவர்கள் மன்னிப்புக் கேட்டு, இழப்பீடும் கட்டினார்கள். ஊர் என்ன செய்தது? "நல்ல காரியம் செய்றவங்களைப் போய்க் குறை சொல்லலாமா?" என்று தொடர்ந்து தொலைபேசியை அழுத்தியது. கணக்குக் கேட்பது பாவம் என்ற எண்ணம் யாருக்கு உதவியது என்று யோசித்துப் பாருங்கள். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்து படுத்திருக்கும் நோயாளிக்கு நிச்சயம் உதவவில்லை.

இப்போது கீதைக்கு வருவோம். பலனை எதிர்பார்க்காதே என்றால் எந்தப் பலன்? எனக்கு வரவேண்டிய பலன். புகழ், நன்றி, புண்ணியக் கணக்கு, நட்சத்திரத்தோடு எடுத்த படம், இவற்றை விடச் சொல்கிறது. பசித்தவன் வயிறு நிறைந்ததா என்று பார்ப்பதை விடச் சொல்லவில்லை. பதினேழாவது அத்தியாயம் தானத்தை மூன்றாகப் பிரிக்கிறது. கைம்மாறு கருதிக் கொடுப்பது ராஜசம். தகாதவரிடம், மதிப்பின்றிக் கொடுப்பது தாமசம். கொடுக்க வேண்டியது கடமை என்று உணர்ந்து, தக்க இடத்தில், தக்க காலத்தில், தகுதியுள்ளவருக்குக் கொடுப்பதே சாத்விகம். தகுதி இருக்கிறதா என்று விசாரிக்காமல் எப்படித் தெரியும்? பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதைத்தான்.

நம் முன்னோர்கள் கணக்கை எவ்வளவு கண்டிப்பாகப் பார்த்தார்கள் என்பதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டு சாட்சி. முதலாம் பராந்தக சோழன் காலத்தது, சுமார் 1,100 ஆண்டு பழமையானது. ஊர் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் ஆள் எடுக்கும் விதிகள் அதில் உள்ளன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. அவருடைய உறவினர் பெயரையும் போடக்கூடாது. பொதுப்பணத்தைத் தொட்டவன் கணக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் இல்லை, தம்பி தங்கைகளே.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். "நிர்வாகச் செலவே இருக்கக்கூடாது" என்று கேட்பதும் சரியில்லை. தாதியருக்குச் சம்பளம் வேண்டும். கணக்காளர் வேண்டும். சொல்லப்போனால், ஒழுங்காகக் கணக்குக் காட்டவே செலவாகும். சிங்கப்பூரில் நிதி திரட்டும் செலவு, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதி இருக்கிறது. அந்த எல்லைக்குள் இருந்தாலும், "இந்தப் பணத்தால யாருக்கு என்ன மாறிச்சு?" என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. "எல்லாரும் திருடனுங்க, நான் கொடுக்கவே மாட்டேன்" என்று சொல்வது மிகவும் சுலபம், காசும் மிச்சம். 2005இல் ஆயிரக்கணக்கானோர் மாதாந்தர நன்கொடையை நிறுத்தினார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் நோயாளிகளின் சிறுநீரகம் அதனால் சரியாகிவிடவில்லை. சந்தேகம் கொடுப்பதை நிறுத்த ஒரு சாக்காகிவிடக் கூடாது, நன்றாகக் கொடுக்கத்தான் அது வேண்டும்.

அதனால் கொடுப்பதற்கு முன் சின்னதாகச் சில வேலைகள் செய்யுங்கள். அமைப்பின் பெயர் அறநிறுவன இணையவாசலில் இருக்கிறதா, ஆண்டறிக்கை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். வெளிநாட்டு அறப்பணிக்கு இங்கே பொதுமக்களிடம் வசூலித்தால், அறநிறுவன ஆணையரின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். நிர்வாகக் குழுவில் அந்தப் பிரபலத்தின் குடும்பத்தார் மட்டும்தானா, கேள்வி கேட்கக்கூடிய வெளியாட்களும் உண்டா என்று தேடுங்கள். நடிகர் சூர்யா 2006இல் தொடங்கிய அகரம் போல, பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் அமைப்பாக இருந்தாலும் இதே கேள்விகளைக் கேட்கலாம். நல்ல அமைப்பு கேள்வியைக் கண்டு கோபப்படாது.

நாமும் அன்னதானத்துக்கும் கல்வி நிதிக்கும் வசூல் செய்கிறோம். ஒரு பாட்டி 2 வெள்ளி போட்டாலும் அதற்கும் கணக்கு உண்டு. அடுத்த ஆண்டுக்கூட்டத்தில் வரவு செலவு அறிக்கையை வாசிக்கும்போது கைபேசியைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். புரியாத வரி ஒன்று இருந்தால் கையைத் தூக்கிக் கேளுங்கள். பதில் சொல்லவேண்டியது எங்கள் கடமை.