கலத்தின் தகுதி

தண்ணீர்க் குடத்தின் அடியில் துளை விழுந்தால் குடம் வீண். மிளகாய்ச் செடி வைக்கும் தொட்டியின் அடியில் துளை இல்லாவிட்டால் தொட்டி வீண். இரண்டையும் ஒரே மண்ணில் ஒருவரே வனைந்து ஒரே சூளையில் சுட்டிருக்கலாம். ஆனாலும் ஒன்றின் பழுது மற்றொன்றுக்குத் தேவையாகிவிடுகிறது. அப்படியானால் ஒரு கலத்தின் தகுதி எதில் இருக்கிறது? மண்ணிலா, வடிவிலா, வனைபவர் கருத்திலா, அதற்குள் இருக்கப்போகும் பொருளிலா? செடிக்குத் தொட்டி தேர்ந்தெடுப்பவர் முன் நிற்கும் இந்தக் கேள்வி, தத்துவ நூல்களிலும் சமய வழக்கிலும் நெடுங்காலமாகப் பேசப்பட்டுவருவது.

இந்தியத் தத்துவங்கள் காரண காரியத்தை விளக்கப் பெரும்பாலும் குடத்தையே எடுத்துக்கொண்டன. சைவ சித்தாந்தத்தில் மண் முதற்காரணம். தண்டும் சக்கரமும் துணைக்காரணம். குயவர் நிமித்த காரணம். உலகத் தோற்றத்துக்கு முறையே மாயை, சத்தி, சிவன் என்று இந்த மூன்றும் பொருத்தப்படும். இல்லாதது தோன்றாது, உள்ளது அழியாது என்பது சற்காரியவாதம். அதன்படி குடம் மண்ணில் நுண்ணிலையில் இருந்து வெளிப்பட்டது. நியாய வைசேடிகர் இதை ஏற்பதில்லை. மண்கட்டியால் நீர் முகக்க முடியாது, குடத்தால் முடியும். ஆகவே குடம் முன்பு இல்லாத புதுப்பொருள் என்பர். அத்வைதம் குடத்துக்குள் இருக்கும் வெளியைக் காட்டும். குடம் உடைந்தால் உள்வெளியும் புறவெளியும் ஒன்றே. உடைவதற்கு முன்பும் ஒன்றாகவே இருந்தன. பௌத்த அறிஞர் தருமகீர்த்தி, ஒரு செயலை விளைவிக்கும் ஆற்றல் உடையதே மெய்யான பொருள் என்றார். இந்த வாதங்களில் வரும் குடம் பெரும்பாலும் நீர் முகக்கும் குடம். அதன் பயன் சொல்லாமலே விளங்குவதால், பயனைத் தனியே ஆராய வேண்டிய தேவை எழவில்லை. செடித்தொட்டியை எடுத்துக்கொண்டால் அந்தத் தேவை எழுகிறது.

வாதத்தில் வரும் குடத்திலிருந்து, கையால் வனையும் கலத்துக்கு வருவோம். செங்கல்பட்டு வட்டாரம் ஏரிகளின் நாடு. மதுராந்தகம் ஏரியும் நகரை ஒட்டிய கொளவாய் ஏரியும் அவற்றுள் பெயர் பெற்றவை. ஏரியில் படியும் களிமண்தான் மட்கலத்தின் முதற்காரணம். இங்கே கலம் வனையும் வழக்கம் மிகப் பழையது. மதுராந்தகத்தை அடுத்த சாணூரில் 1950-களின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில், பெருங்கற்காலக் குழிகளில் தாழிகளும் கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழைகளும் கிடைத்தன. உணவுக் கலமும் இறந்தவருக்கான கலமும் ஒரே தொழிலில் பிறந்தவை. வடிவம் வேறானது உள்ளே வைக்கும் பொருளால்.

குடம் வனையும்போது சக்கரத்தில் கழுத்தும் உடலும் உருவாகும். கலத்தை நூலால் அறுத்தெடுக்கும்போது அடி திறந்தே இருக்கும். சற்று உலர்ந்ததும் உள்ளே ஒரு கல்லை அணைகொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி அந்தத் திறப்பை மூடுவார்கள். குடத்தைக் குடமாக்குவது இந்த மூடும் வேலை. தொட்டிக்கோ அடி தட்டையாக வைக்கப்பட்டு, ஈரம் காயும் முன்பே விரலால் துளையிடப்படும். முதற்காரணமும் நிமித்த காரணமும் மாறவில்லை. எதற்காக என்ற ஒன்று மாறியதும் கையின் வேலை நேர் எதிராகிறது.

மிளகாய்ச் செடிக்கு ஏறத்தாழ 25 முதல் 30 சென்டிமீட்டர் ஆழமும், 10 முதல் 15 லிட்டர் மண் கொள்ளும் இடமும் போதும். இதே வட்டாரத்து மாமல்லபுரம் கடற்கரையில் இதற்கு எத்தனையோ கலங்கள் உண்டு. சுடுமண் தொட்டியின் சுவர் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் வேர் குளிர்ந்திருக்கும்; கோடையில் அதே காரணத்தால் மண் விரைவில் காயும். பிளாஸ்டிக் தொட்டியும் குரோ பேக்கும் ஈரத்தைப் பிடித்து வைக்கும்; வெயில் நேராகப் படும் கறுப்புப் பிளாஸ்டிக் வேரைச் சுட்டுவிடும். மாடிக்கு ஏற்ற எடை அவற்றுக்கு உண்டு. கடற்காற்றில் சாய்ந்துவிடும் குறையும் உண்டு. சிற்பிகள் நிறைந்த ஊரில் கல்தொட்டி கிடைப்பது அரிதன்று; அது காற்றுக்கு அசையாது, சுவரும் கசியாது. பழைய பெயின்ட் வாளியும் அரிசிச் சாக்கும்கூட, துளையும் ஆழமும் இருந்தால், செடிக்குக் கலமே.

கடலோரத்தில் துளைக்கு இன்னொரு வேலையும் சேர்கிறது. உவர்ப்பான ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றினால், நீர் ஆவியாகி உப்பு மண்ணில் தங்கும். சுடுமண் தொட்டியின் வெளிச்சுவரில் வெண்ணிறமாகப் பூப்பதும் அந்த உப்புதான். மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1.5 டெசிசீமென்ஸைத் தாண்டினால் மிளகாய் விளைச்சல் குறையத் தொடங்கும். ஊற்றும் நீரில் ஒரு பங்கு அடித்துளை வழியே வெளியேறினால்தான் உப்பும் உடன் வெளியேறும். ஆகவே செடிக்கலத்தின் தகுதியில் தாங்கிக்கொள்வது ஒரு பாதி, விட்டுவிடுவது மறுபாதி. எவ்வளவு தாங்க வேண்டும், எவ்வளவு விட வேண்டும் என்பதைச் செடியும் நீரும் காற்றும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

கலத்தில் செடி வளர்ப்பதையே சமயச் சடங்காக ஆக்கியது முளைப்பாலிகை. ஆகம முறையில் பெருவிழா நடக்கும் கோயில்களில் கொடியேற்றத்துக்கு முன் அங்குரார்ப்பணம் என்ற இந்த முளையிடும் சடங்கு நடைபெறும். விதிப்படி மண் எடுத்துவந்து கலங்களில் நிரப்பி, பயிர்களுக்குத் தலைவனான சந்திரனை வணங்கி, இரவில் தானியம் விதைப்பார்கள். பாலிகை, கடிகை, சராவம் எனக் கலங்களை ஆகமங்கள் வகைப்படுத்தும். பிராமணர் திருமணத்தில் ஐந்து பாலிகைகள் வைத்து, நடுவில் பிரமனையும் நான்கு திசைகளில் இந்திரன், யமன், வருணன், சோமன் ஆகியோரையும் எழுந்தருளச் செய்வதுண்டு. சடங்கு முடிந்ததும் முளைகள் நீர்நிலையில் சேர்க்கப்படும். இந்தப் பயிர் காய்க்க வேண்டியதில்லை. சில நாளில் முளைத்துச் செழித்து நின்றால் போதும். அதனால் ஆழமில்லாத பாலிகை அதற்கு முழுமையான கலம். அதே பாலிகையில் மிளகாய் காய்க்காது. பாலிகையின் தகுதியை வகுத்தது விதி. அந்த விதியும் ஒரு பயனை முன்வைத்தே பேசுகிறது.

மிளகாய்க்கு அப்படியொரு பழைய விதி இருக்க வழியில்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடியான அது போர்ச்சுக்கீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. திவசச் சமையலில் இன்றும் மிளகுக்கே இடம், மிளகாய்க்கு இல்லை. கண்ணேறு கழிக்கும்போதோ மிளகாய் முன்னே நிற்கிறது. நூல் வகுக்காத பொருளுக்குக் கலம் தேட வேண்டியவர் அந்தப் பொருளின் இயல்பையே அளவையாகக் கொள்ள வேண்டும். காட்சியும் அனுமானமும் விதியின் இடத்தை எடுத்துக்கொள்கின்றன.

இதற்கு ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. பயன்தான் தகுதி என்றால், அதே பயனைத் தரும் எந்தக் கலமும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகும். சமய வழக்கு இதை ஒப்புவதில்லை. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ காஞ்சியில் ஒரு காபாலிகன் தன் பிச்சைக் கலமான கபாலத்தைத் தொலைத்துவிட்டுத் தேடும் கதை. காபாலிகன் பௌத்தத் துறவியைத் திருடன் என்று பிடிக்கிறான்; கலத்தைக் கொண்டுபோனது ஒரு நாய் என்பது பின்னர்தான் தெரிகிறது. பிச்சை வாங்க இன்னொரு கலம் கிடைக்கும். காபாலிகனாக இருக்க அந்தக் கபாலம் வேண்டும். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், பெரியபுராணத்தில் தில்லைக் குயவரான திருநீலகண்டரின் வரலாற்றைச் சொல்கிறார். அடியார்களுக்குத் திருவோடு வனைந்து கொடுத்தவர் அவர். சிவயோகியாக வந்த இறைவன் தம் ஓட்டை அவரிடம் ஒப்படைத்துப் பின் மறையச் செய்தார். வேறு நல்ல ஓடு தருவதாக நாயனார் சொல்லியும், யோகி தாம் கொடுத்ததையே கேட்டார். ஓடு வனைபவருக்கே ஓட்டால் சோதனை வந்தது.

இரு கதைகளிலும் கலத்தின் மதிப்பு அது கொள்ளும் சோற்றைச் சார்ந்து நிற்கவில்லை. காபாலிகனின் கபாலம் அவன் நோன்பின் அடையாளம். யோகியின் ஓடு நம்பி ஒப்படைத்த பொருள். ஆனால் இவையும் கலம் தன்னளவில் பெற்ற தகுதிகள் அல்ல. நோன்பும் நம்பிக்கையும் கலத்தை ஒருவரோடு பிணைக்கும் உறவுகள். ஆக, பயனுக்கான உறவில் கலம் மாற்றத்தக்கது; அடையாளத்துக்கோ அடைக்கலத்துக்கோ ஆன உறவில் மாற்ற முடியாதது. எதிர்வாதம் பயன் என்ற சொல்லின் எல்லையை விரிக்கிறது. தகுதி உறவில் இருக்கிறது என்ற கருத்தை அது குலைக்கவில்லை.

இந்த உறவுக்கு இடம் தரும் விளக்கம் சைவ சித்தாந்தத்திலேயே இருக்கிறது. குயவர் தமக்காகக் குடம் வனைவதில்லை. இறைவனும் தனக்காக உலகைப் படைப்பதில்லை. தனு (உடல்), கரணம் (கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்வு) ஆகிய நான்கும் உயிர்களின் பொருட்டு, அவற்றின் வினைக்கும் பக்குவத்துக்கும் ஏற்பத் தரப்படுகின்றன. ஆகவே எந்த உடல் நல்லது என்ற கேள்வியை எந்த உயிருக்கு, எந்த நிலையில் என்று கேட்டால்தான் அதற்கு விடை உண்டு. நாற்று வளர்ப்பிலும் இதைக் காணலாம். மிளகாய் விதையைச் சிறு குழித்தட்டில் இட்டு, 40 நாள் அளவில் தொட்டிக்கு மாற்றுவது வழக்கம். தொடக்கத்திலேயே பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கி அழுகல் வரலாம். கடைசிவரை குழித்தட்டிலேயே விட்டால் வேர் சுருண்டு செடி குறுகும். ஒரு பருவத்தில் காப்பாக இருந்த எல்லை அடுத்த பருவத்தில் தடையாகிறது.

ஒப்புமைக்கும் எல்லை உண்டு. செடிக்குக் கலம் தேர்ந்தெடுப்பவர் காயை எதிர்பார்க்கிறார். சித்தாந்தத்தின் இறைவனுக்கு உயிரிடம் பெறவேண்டியது எதுவுமில்லை. அத்வைதம் சொல்லும் கடாகாசத்தை, அதாவது குடத்துக்குள் இருக்கும் வெளியை, நோக்கினாலும் வேறுபாடு தெரியும். குடம் வெளியை மாற்றுவதில்லை. தொட்டியோ தன்னுள் இருக்கும் வேரின் போக்கையே மாற்றுகிறது. உயிரைத் தீண்டப்படாத வெளியாகக் கொள்பவருக்குக் குடம் பொருந்தும். அதை வளர்ந்து பக்குவப்படும் பொருளாகக் கொள்பவருக்குச் செடித்தொட்டி பொருந்தும். உதாரணமாகக் காட்டும் கலத்தைத் தேர்வதிலேயே இரு தத்துவங்களும் பிரிகின்றன.