துறவியின் குலப்பெயர்

சீனப் பெயர்களில் குலப்பெயரே முதலில் நிற்கும். இயற்பெயர் அதன் பின்னரே வரும். ஒருவர் பிறக்கும் முன்பே குலம் இருந்தது, அவர் மறைந்த பின்பும் அது தொடர வேண்டும் என்னும் எண்ணத்துக்கு அவ்வரிசை பொருந்தி நிற்கிறது. எனவே, இல்லத்தைத் துறந்து வெளியேறுவதையே மேலான வாழ்வாகப் போற்றும் பௌத்தம் கி.பி. முதல் நூற்றாண்டளவில் சீனாவில் காலூன்றியபோது, துறவி தம் குலப்பெயரை என்ன செய்வது என்னும் வினா ஒரு சமயச் சிக்கலாகவே உருவெடுத்தது.

அதன் கனத்தை உணர, குலப்பெயர்களின் தோற்றத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். சௌ அரசமரபின் காலத்தில் உயர்குடியினர்க்கு இருவகைப் பெயர்கள் இருந்தன: பொது மூதாதையிடமிருந்து வந்த பெருங்குலத்தைக் குறிப்பது 'ஷிங்', ஆண்ட நிலம், வகித்த பதவி முதலியவற்றால் பிரிந்த கிளையைக் குறிப்பது 'ஷி'. சென், சுங் போன்றவை நாடுகளின் பெயரால் வந்தவை. சிமா என்பது படைத்துறைப் பதவியால் வந்தது. சின், ஹான் காலங்களில் இவ்விரண்டும் கலந்து ஒன்றாகிவிட்டன. ஆனால் ஒரே 'ஷிங்' உடையவர்கள் மணந்துகொள்ளக் கூடாது என்னும் விதி மட்டும் மறையவில்லை. லூ நாட்டின் ஜாவ் கோமகன், தம்மைப் போலவே 'ஜி' குலத்தைச் சேர்ந்த வூ நாட்டு இளவரசியை மணந்து, வழக்கப்படி அவள் பெயரில் இடம்பெற வேண்டிய குலப்பெயரை மறைத்து வேறு பெயரால் அழைத்ததாகவும், அது கன்பூசியஸின் காதுவரை குறையாக எட்டியதாகவும் 'லுன் யூ' நூல் பதிவுசெய்கிறது. பிற்காலத் தாங் சட்டத் தொகுப்பு இத்தகைய மணத்துக்கு இரண்டாண்டுக் கடும்பணித் தண்டனை விதித்தது.

குலப்பெயரோடு கடமையும் வந்தது. முன்னோரின் ஆவிகள் தம் வழித்தோன்றல்கள் இடும் படையலையே ஏற்கும் என்று நம்பப்பட்டதால், சந்ததியின்றிப் போவதைப் பெற்றோர்க்குச் செய்யும் தீங்குகளில் மிகப் பெரியதாக மென்சியஸ் கருதினார். உடலும் முடியும் பெற்றோர் தந்தவை, அவற்றுக்கு ஊறு நேரக் கூடாது என்று பெற்றோர் பேணல் பற்றிய கன்பூசிய நூல் கற்பித்தது. தலையை மழித்து, மணம் மறுத்து, குலப்பெயரையும் நீக்கிய பிக்கு இவ்வளவு குற்றத்துக்கும் ஒருசேர ஆளானார். மௌசு என்பவர் பெயரில் வழங்கும் பழைய பௌத்த வாத நூல் இதற்கு எதிராளியின் ஆயுதத்தையே எடுக்கிறது: தம்பிக்கு அரசுரிமை கிடைப்பதற்காகத் தெற்கே சென்று, முடியைக் கத்தரித்து, உடலில் பச்சை குத்திக்கொண்ட தாய்போவைக் கன்பூசியஸ் புகழவில்லையா என்று அது கேட்கிறது. அந்தத் தாய்போதான் மேற்சொன்ன இளவரசி பிறந்த வூ அரசகுலத்தின் மூதாதையாகக் கருதப்படுபவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. வாதம் சாமர்த்தியமானதுதான், ஆனால் தாய்போ குலத்தை விட்டு வெளியேறவில்லை, இன்னொரு கிளையை நிறுவினார் என்பதை அது கவனியாமல் கடந்துவிடுகிறது.

தொடக்ககாலப் பிக்குகள் குலப்பெயரை முற்றிலும் விட்டுவிடவுமில்லை. வெளிநாட்டுத் துறவியர்க்கு நாட்டின் பெயரே குலப்பெயராயிற்று: பார்த்தியாவிலிருந்து வந்தவர் 'ஆன்', சோக்டியானாவிலிருந்து வந்தவர் 'காங்', இந்தியாவிலிருந்து வந்தவர் 'ஜூ'. சீனச் சீடர்கள் ஆசிரியரின் பெயரை ஏற்றனர். துன்ஹுவாங்கில் யூவெஷி மரபில் பிறந்த மொழிபெயர்ப்பாளர் தர்மரட்சர், ஆசிரியரைப் பின்பற்றி 'ஜூ' ஆனதால் இந்தியராகவே தோற்றமளித்தார். இவ்வழக்கத்தில் சங்கம் பல ஆசிரிய குலங்களாகப் பிரிந்து கிடந்தது.

இதை மாற்றியவர், வெய் குடும்பத்தில் பிறந்த தாவ் ஆன் (312–385). அனைவர்க்கும் மூல ஆசிரியர் சாக்கியமுனியே ஆதலால், பிக்குகள் அனைவரும் சாக்கியர் என்பதன் சீன வடிவத்தின் முதலெழுத்தாகிய 'ஷி' என்பதையே குலப்பெயராகக் கொள்ள வேண்டும் என்றார் அவர். (மேலே கண்ட கிளைப்பெயராகிய 'ஷி' வேறு எழுத்து.) பின்னர் ஏகோத்தர ஆகமம் சீனத்தில் பெயர்க்கப்பட்டபோது, கடலில் கலந்த நதிகள் தம் பெயரை இழப்பதுபோல, நால்வருணத்தாரும் சங்கத்தில் சேர்ந்தபின் சாக்கியரே ஆவர் என்னும் பகுதி அதில் இருந்தது, தாவ் ஆனின் கருத்துக்கு அது சான்றாயிற்று. இந்தியாவில் வருணத்தைக் குறிவைத்த அச்சொல், வருணமே இல்லாத சீனாவில் வேறோர் இலக்கைக் கண்டது. அக்காலச் சீனாவில் அரசுப் பதவிகள் பெரிதும் சில பெருங்குடும்பங்களின் கையில் இருந்தன. ஒருவரின் குலப்பெயரும் அக்குலத்தின் ஊரும் அவர் எட்டக்கூடிய உயரத்தைப் பெரும்பாலும் தீர்மானித்தன. அந்த ஏணி எட்டாத ஓர் இடத்தைச் சங்கம் உண்டாக்கியது.

ஆயினும் பெற்றோர் கடன் தீர்ந்ததா? தாவ் ஆனின் மாணவர் லூஷான் ஹுய்யுவான் 404-இல், துறவி மன்னரை வணங்க வேண்டியதில்லை என்று வாதிட்ட நூலில், ஒருவர் அறத்தில் நிறைவெய்தினால் அதன் பயன் அவருடைய உற்றார் அனைவரையும் சென்றடையும் என்றார். கடன் மறுக்கப்படவில்லை, செலுத்தும் நாணயம் மாற்றப்பட்டது. ஏழாம் மாதப் பதினைந்தாம் நாளில் சங்கத்துக்கு உணவளித்தால் இறந்த பெற்றோர் துயர் நீங்குவர் என்னும் உல்லம்பன விழா இக்கொள்கையை மக்களிடம் கொண்டுசென்றது. குலவழியைத் தொடராத துறவி, குலத்தின் முன்னோர்க்கு இன்றியமையாதவர் ஆனார்.

பின்னர் நடந்தது இன்னும் சுவையானது. சான் பௌத்தம் தன் ஆசான்களை 'மூதாதையர்' என்றே அழைத்தது. ஆசிரிய மாணவ வரிசையைக் குடும்ப வம்சாவளி போலவே எழுதிவைத்தது. கிளைகளை 'ஐந்து இல்லங்கள்' என்றது. ஷாவோலின் மடத்தில், 13ஆம் நூற்றாண்டின் ஃபூயூவுக்கு உரியதாகச் சொல்லப்படும் எழுபது எழுத்துப் பாடல் ஒன்றிலிருந்து ஒவ்வொரு தலைமுறைத் துறவிக்கும் ஓர் எழுத்து வரிசையாகப் பெயரில் சேர்க்கப்படுகிறது; இல்லறத்தார் தம் மக்களுக்குத் தலைமுறை எழுத்திட்டுப் பெயர்சூட்டும் முறையும் இதுவே. துறவு குலத்தை ஒழித்தது என்பதைவிட, இரத்தத்தின் இடத்தில் உபதேசத்தை வைத்து இன்னொரு குலத்தை எழுப்பியது என்பதே பொருந்தும். வியட்நாமிலும் 'ஷி' என்னும் அதே எழுத்து 'திக்' என்று ஒலித்துத் துறவியர் பெயர்களின் முன் நிற்கிறது. நுயென் குடும்பத்தில் பிறந்த திக் நாட் ஹான் (1926–2022) அப்படிப் பெயர் பெற்றவரே. சீனக் கோயில்களின் ஏழாம் மாதச் சடங்கில் வைக்கப்படும் நினைவுப் பலகைகளில் இல்லறத்தாரின் குலப்பெயரும் அக்குலத்து முன்னோரும் குறிக்கப்படுகின்றனர். அவர்களுக்காகச் சூத்திரம் ஓதுவோர் அனைவரும் 'ஷி' என்னும் ஒரே பெயருக்கு உரியவர்கள்.