இனிய பொய்

இனிமைக்காகக் கொஞ்சம் பொய் சொல்லலாமா? இந்தக் கேள்விக்கு நாம் நீதி நூல்களில் விடை தேடுகிறோம். எனக்கோ அது, ராஜபாளையத்தில் மைக் செட் வாடகைக்கு விட்டுவந்த ஒரு நண்பரின் கடையில் கிடைத்தது.

அவரிடம் இரண்டு வால்வு ஆம்ப்ளிபயர்கள் இருந்தன. ஒன்று, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் திருவிழாவுக்குப் போவது. மற்றொன்று, வீட்டில் இசைத்தட்டுக் கேட்க அவரே செய்துகொண்டது.

வீட்டுக் கருவியில் ஒலிபெருக்கியை இயக்குவது ஒரே ஒரு டிரையோடு வால்வு. பாட்டு இல்லாதபோதும் அதில் மின்சாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். செலவு அதிகம், சக்தி குறைவு. அத்துடன், பாட்டில் இல்லாத ஒன்றையும் அது சேர்க்கிறது. பாடகர் ஸட்ஜம் பிடித்தால், இரு மடங்கு அதிர்வுள்ள மேல் ஸ்தாயி ஸட்ஜத்தையும் மெல்ல இழைத்துவிடுகிறது. சுருதியோடு ஒத்துப்போவதால் காது அதைக் குற்றமாக எண்ணுவதில்லை. 'குரலில்தான் என்ன குழைவு!' என்று மகிழ்கிறது.

திருவிழாக் கருவியில் புஷ்-புல் முறையில் இரண்டு வால்வுகள். ஒன்று தள்ள, மற்றொன்று இழுக்கும். இரண்டும் ஒத்திருந்தால், அவை சேர்க்கும் மேல் ஸட்ஜம் ஒன்றையொன்று அழித்துவிடும். சக்தியும் மிகும். எஞ்சும் பிழைகளில் சில காதுக்குக் கரகரப்பானவை.

அதற்கும் மருந்து உண்டு. 1927-இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஹரால்டு பிளாக், படகில் ஆற்றைக் கடந்து வேலைக்குப் போகும்போது, கையிலிருந்த செய்தித்தாளிலேயே அதைக் குறித்தார். வெளியே போகும் ஒலியில் ஒரு பங்கைத் திருப்பிக் கொண்டுவந்து, உள்ளே வரும் ஒலிக்கு எதிராக நிறுத்துவதே அது. பெருக்கம் குறையும், பிழையும் குறையும். 1947-இல் வில்லியம்சன் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் இம்முறையைக் கையாண்டு, 15 வாட் வரை பிழையை 0.1 சதவீதத்துக்குள் அடக்கிக் காட்டினார்.

மனிதருக்கும் இதுதானே வழி? தன் சொல்லைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்பவன் உரத்துப் பேசமாட்டான். ஆனால் அவனை நம்பலாம். இதிலும் அளவு வேண்டும். காலம் தப்பித் திரும்பும் ஒலி கருவியையே ஊளையிட வைக்கும். காலம் தப்பிய கழிவிரக்கமும் மனிதனை அப்படித்தான் செய்கிறது.

அப்படியானால் டிரையோடின் இனிமை பாவமா? "என் வீட்டில், என் காதுக்கு நான் இனிப்புச் சேர்த்தால் யாருக்கு என்ன நஷ்டம், அண்ணாச்சி?" என்றார் நண்பர். நியாயந்தான். பாலைச் சுண்டக் காய்ச்சிச் சர்க்கரை சேர்த்ததை, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பால் என்றா விற்கிறார்கள்? பால்கோவா என்றல்லவா விற்கிறார்கள்! சேர்த்தது தெரிந்து சுவைப்பவன் ஏமாறுவதில்லை. அதையே பாடகரின் குரல் என்று பிறரிடம் சாதிக்கும்போதுதான் பொய் பிறக்கிறது.

நான் கதை எழுதுகிறவன். கதை என்று சொல்லித் தரும் இனிப்புக்காக நான் வெட்கப்படவில்லை. ஆனால் பிணங்கியிருக்கும் தாயின் சொல்லை மகனிடம் எடுத்துச் செல்லும்போது, அதைக் குழைத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அப்போதைக்கு இருவரும் மகிழலாம். ஆனால் அந்த மகன் கேட்டது தாயின் குரலை அல்ல, என் குரலைத்தான்.