இரண்டு பக்கத்தில் நிமிர்ந்து நில்!

சட்ட மாணவர்களின் மாதிரி நீதிமன்றமான மூட் கோர்ட்டில் நீதிபதி குறுக்கிட்டுக் கேட்கும் முதல் கேள்விக்கே நாக்கு ஒட்டிக்கொள்கிறதா, தம்பி? ஆங்கிலம் போதவில்லை என்று படித்த பள்ளியைப் பழிக்காதே, தங்கையே! எதை நிலைநாட்டப் போகிறோம் என்பதை எழுதும்போதே நீ முடிவு செய்யவில்லை. முடிவு செய்யாதவர் குரல் நடுங்கத்தான் செய்யும்.

இங்கிலாந்தின் மாணவர் மூட்களில் ‘ஸ்கெலிட்டன் ஆர்க்யுமென்ட்’ என்ற வாதச் சுருக்கத்தை முன்கூட்டியே எதிரணிக்கும் கொடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் ஓரிரு பக்கம்தான். நம் ஊர் மூட்களின் எழுத்து வாதமான மெமோரியல்போலப் பக்கம் பக்கமாக ஓடி ஒளிய அதில் இடமில்லை. அதனால்தான் அதை எழுதிப் பழகு என்கிறேன். ஒவ்வொரு மேல்முறையீட்டுக் காரணத்துக்கும் முதல் வரியிலேயே உன் முடிவைச் சொல். அடுத்து சட்டக் கோட்பாடு, அதைத் தாங்கும் தீர்ப்பு, பத்தி எண். பிறகு அது இந்த வழக்கின் உண்மைகளுக்கு எப்படிப் பொருந்துகிறது என்று காட்டு. ‘ஒருவேளை’, ‘எனவும் கருதலாம்’ எல்லாவற்றையும் அடித்துவிடு! எத்தனை தீர்ப்பு காட்டலாம் என்பதற்கும் பல போட்டிகளில் வரம்பு உண்டு. நல்லதே. வரி விடாமல் படித்த மூன்று தீர்ப்பு உன்னைக் காப்பாற்றும். தலைப்பு மட்டும் தெரிந்த பத்து உன்னைக் கவிழ்க்கும்.

எதிரான தீர்ப்பை மறைக்காதே. 1929 மார்ச்சில், ஜிஞ்சர் பீர் பாட்டிலில் எலி கிடந்த வழக்கை ஸ்காட்லாந்து நீதிமன்றம் தள்ளியது. தோற்ற தரப்பின் வழக்கறிஞர் வால்டர் லீச்மன். ஏப்ரலிலேயே அதே மனிதர், பாட்டிலில் நத்தை கிடந்ததென்று மே டொனஹியூ என்ற பெண்ணுக்காக அடுத்த வழக்கைப் போட்டார்! என்ன நெஞ்சுரம்! கடையில் வேலை பார்த்த அந்தப் பெண், செலவுக்கு வழியில்லாத ஏழை என்று விண்ணப்பித்துத்தான், அன்று உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனார். 1932 மே 26 அன்று மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் சட்டக் கேள்வி அவர் பக்கம் தீர்ந்தது. பொருளைத் தயாரிப்பவருக்கு அதை நுகர்பவர்மேல் கவனக் கடமை உண்டு என்பது சட்டமானது.

முந்தைய தோல்வி அவர்களைத் தடுக்கவில்லை. உன்னை ஏன் தடுக்க வேண்டும்? எதிர்த் தீர்ப்பை நீயே தாளில் எடுத்து வை. உண்மைகள் வேறு என்று பிரித்துக் காட்டு; முடியாவிட்டால், அது தவறான தீர்ப்பு என்று காரணத்தோடு சொல். மூட் வழக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் நடப்பதாக அமைந்திருந்தால், அப்படிச் சொல்ல உனக்கு உரிமை உண்டு.

இன்றிரவே உட்கார். ‘இந்த மேல்முறையீடு அனுமதிக்கப்பட வேண்டும், ஏனெனில்’ என்று தொடங்கு. மீதியை யாரிடமும் கேட்காமல் நீயே எழுது!