சொல்லாமல் விட்டது பொய்யாகுமா?

இல்லறத்தார் ஏற்கும் சத்தியாணுவிரதத்திற்கு உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றார். அவற்றுள் பொய்ப்பத்திரம் எழுதுதல் எவர்க்கும் விளங்கும். நியாசாபகாரமே சிந்திக்கத்தக்கது. அடைக்கலமாகப் பொருள் வைத்தவர் தொகையை மறந்து குறைத்துக் கேட்கின்றார்; வைத்திருப்பவரோ அதற்கு உடன்பட்டுக் கொடுத்துவிடுகின்றார் என்று பூஜ்யபாதர் சர்வார்த்தசித்தியில் விளக்குவார். இது களவில் சேராமல் வாய்மைக் குற்றமானது ஏன்? கை எதையும் பறிக்கவில்லை. பிறருடைய மறதிக்கு நாவே துணைபோயிற்று.

செங்கல்வராய நாயுடு – ஜகந்நாத் வழக்கில் உச்சநீதிமன்றம் 27-10-1993 அன்று அளித்த தீர்ப்பு இதற்கு மிக அண்மையில் நிற்கின்றது. சவுக்காரிடம் குமாஸ்தாவாயிருந்த ஒருவர், கடன் தீர்ப்பின்படி ஏலத்திற்கு வந்த சொத்தை முதலாளிக்காகத் தம் பெயரில் எடுத்தார். 1945-இல் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவும் செய்து கொடுத்துவிட்டார். சொத்துக்காரர்களும் கடனைச் சவுக்காருக்குச் செலுத்தினர். பின்னர் அதே குமாஸ்தா, பத்திரத்தைப் பற்றி மூச்சும் விடாமல், பாகப்பிரிவினை கோரி வழக்குத் தொடுத்து முதனிலைத் தீர்ப்பாணையும் பெற்றார்!

உண்மை வெளிப்பட்டதும் விசாரணை நீதிமன்றம் அவரை மறுத்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றமோ, பதிவான பத்திரத்தின் நகலை எதிர்த்தரப்பினரே எடுத்துத் தாக்கல் செய்திருக்கலாமே என்றது. உச்சநீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. முக்கிய ஆவணத்தை மறைத்துப் பெற்ற தீர்ப்பாணை செல்லாது என்று தள்ளியது.

உயர்நீதிமன்றத்தின் வாதத்தை நாம் அன்றாடம் கேட்கின்றோம். சீசனில் குற்றாலத்திற்கு வந்து சாரலில் மயங்கித் தென்காசிப் பக்கம் மனை தேடும் வெளியூராரிடம், "வில்லங்கம் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பது விற்பவரின் வழக்கமான விடை. பதிவாகாத வாரிசுப் பங்கு வில்லங்கச் சான்றில் தெரியாது என்பதை அவர் அறிவார். சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, சாதாரண கவனத்தால் வாங்குபவர் கண்டறிய இயலாத குறையையே விற்பவர் சொல்லவேண்டும் என்கின்றது. பூஜ்யபாதர் காட்டும் அடைக்கலம் வைத்தவரோ தம் கணக்கைப் புரட்டியிருந்தாலே தொகையைக் கண்டிருப்பார். ஆயினும் குற்றம் கொடுத்தவர்மேலேயே நின்றது.

நம் குடும்பங்களிலும் இது நேர்கின்றது. 1989, 2005 ஆண்டுகளின் சட்டத் திருத்தங்களால் பெண்மக்களுக்கு என்ன பங்கு வந்தது என்று உரைக்காமலே, விடுதலைப் பத்திரத்தில் சகோதரியின் கையொப்பம் வாங்கப்படுகின்றது. அவள் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவில்லை என்பர். பதிவு அலுவலகத்திற்கு அழைத்துச் செல்லுமுன் பங்கின் அளவை அவளிடம் சொன்ன அண்ணன்மார் எத்தனை பேர்?