நடுவில் ஒரு கீஃப்ரேம்

அனிமேஷனில் கீஃப்ரேம் என்பது, ஒரு பொருள் எந்த நொடியில் எங்கே இருக்க வேண்டும் என்று குறித்துவைக்கும் புள்ளி. இரண்டு புள்ளிகளைக் குறித்தால் இடையிலுள்ள ஃப்ரேம்களை மென்பொருளே நிரப்பிவிடும். கை வைக்காமல் விட்டால் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருள் அவற்றைச் சீரான வேகத்தில்தான் நிரப்பும்; விழும் தண்ணீருக்கு அது பொருந்தாது. தடையின்றி விழும் துளி, சம கால இடைவெளிகளில் கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்று கூடிக்கொண்டே போகும்.

குற்றாலம் பேரருவிக்கு அந்தக் கணக்கும் பற்றாது. மேலிருந்து வரும் வெள்ளம் நடுவே பொங்குமாங்கடல் என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கிப் பரந்து மறுபடி இறங்குகிறது. அதனால்தான் கீழே ஆள் நின்று குளிக்க முடிகிறது. உச்சியிலும் அடியிலும் மட்டும் கீஃப்ரேம் வைத்தால் திரையில் கொட்டுவது வெறும் குழாய்த் தண்ணீர். பொங்குமாங்கடலில் மூன்றாவதாக ஒன்று வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் வேகத்தைக் காட்டும் கோடு தனித்தனியாக வளைய வேண்டும். காலக்கோட்டில் புள்ளிகளை நெருக்கினால் வேகம் கூடும், தள்ளினால் குறையும்.

சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் வரும் அனிமேஷன் மாணவர்கள், தலையை நனைப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அருவியை அண்ணாந்து பார்க்கட்டும்.