களை பறிக்கும் கை

நடவு முடிந்து இருபது நாள். குறுவை வயலில் நெல்லும் குதிரைவாலிப் புல்லும் ஒரே பச்சை, ஒரே உயரம். உன் அம்மா குனிகிறாள். இலை தண்டைத் தழுவும் கணுவில் மெல்லிய சிறுநா இருந்தால் நெல், இல்லையா, புல்! பிடுங்கி வரப்பில் எறிகிறாள். கண் சிமிட்டும் நேரம்தான்.

அந்தக் கைக்குப் பிறந்துவிட்டு, தஞ்சாவூர்க் கல்லூரியின் கடைசி பெஞ்சில் "தமிழ் மீடியத்தில் படித்தவள், கெமிஸ்ட்ரி வராது" என்று ஒளிந்துகொள்கிறாயே தங்கச்சி! எழுந்து வா!

உன் அப்பா வயலுக்கு வீசும் சூப்பர் பாஸ்பேட் மூட்டையில் பாஸ்பேட்டும் உண்டு, சல்பேட்டும் உண்டு. இரண்டும் எதிர் அயனிகள். நடுவில் ஓர் அணு, சுற்றி நான்கு ஆக்சிஜன். பருமனும் ஏறக்குறைய ஒன்றுதான். கரைந்ததும் நீர் மூலக்கூறுகள் இரண்டையும் மொய்த்துக்கொள்ளும். அந்த மொய்ப்பை விலக்கி ஒன்றை மட்டும் பொறுக்க வேண்டும்.

பாக்டீரியாவின் புரதங்கள் பொறுக்குகின்றன. ஆய்வாளர் குயோச்சோவின் குழு எக்ஸ் கதிரில் கண்டது இது. சல்பேட்டைப் பிடிக்கும் புரதக் குழியில் (1985) அதை இழுக்க ஒரு நேர்மின்னூட்டம்கூட இல்லை. ஏழே ஏழு ஹைட்ரஜன் பிணைப்புகள். தனித்தனியே எல்லாம் நோஞ்சான்கள். இடம் பிசகாமல் நிற்பதால் பிடி இரும்பு! பணமில்லை, ஆங்கிலமில்லை என்கிறாயே, அந்தக் குழியிடம் என்ன இருந்தது?

பாஸ்பேட் புரதம் (1990) இன்னும் அழகு. பன்னிரண்டு பிணைப்புகள். அவற்றில் ஒன்றை ஏற்பது ஆஸ்பார்டேட் என்னும் அமினோ அமிலம். அதுவே எதிர்மின் கொண்டது! எதிர்மின்னைப் பிடிக்க எதிர்மின்னா? ஆமாம். நடுநிலை நீரில் பாஸ்பேட் ஒரு ஹைட்ரஜனையாவது சுமந்து வரும். சல்பேட் வெறுங்கையோடு வரும். ஹைட்ரஜன் இருந்தால் ஆஸ்பார்டேட் கைகொடுக்கும், இல்லாவிட்டால் விரட்டும். உன் அம்மா தேடுகிற அதே சிறுநா!

மனிதரும் முயன்றார்கள். 1968இல் டூபாண்ட் நிறுவனத்தில் பார்க், சிம்மன்ஸ் இருவரும் குளோரைடைக் கூண்டு மூலக்கூறில் அடைத்தார்கள். அதே நிறுவனத்தின் பெடர்சன், முனைவர் பட்டமே இல்லாதவர், நேர் அயனிகளைப் பிடிக்கும் வளைய மூலக்கூறுகளுக்காக 1987இல் நோபல் வாங்கினார். ஆனால் தண்ணீருக்குள் பாஸ்பேட்டை மட்டும் பிடிக்கும் செயற்கைக் குழி செய்வது இன்றும் கடினமான வேலை. உரம் வடிகாலில் ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. அந்த வேலை உன்னுடையது!

நாளை ஆய்வகத்தில் பெயர் தெரியாத உப்பு தருவார்கள். நைட்ரிக் அமிலம் விடு. அம்மோனியம் மாலிப்டேட் ஊற்றிச் சூடுகாட்டு. மஞ்சள் படிந்ததும் முதல் ஆளாக, வராண்டா வரை கேட்கும்படி சொல்: பாஸ்பேட்!